மூன்றாம் ஓட்டையின் சுவர்

அன்று எர்ணாவூர் பழைய இரும்பு யார்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார்டுக்குச் சொந்தக்காரரான பாய். அவரிடம் சங்கிலிக் கப்பி இழுக்கிற ஆள். இந்த ஆள் பாக்கு போட்ட வாயைத் திறக்காமலே அன்றைய பொழுதைக் கழித்தவர். என் அக்கா. அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அப்புறம் நான்.

இப்படி எண்ணிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஒரு மில்லி தாராளமா எடுக்கலாம்" என்ற வார்த்தை அன்று யார் வாயிலிருந்து வந்தது என்று பிற்பாடு பெரிய பேச்சு ஓடியது. நான்கு பேரும் என்னைத்தான் காட்டினார்கள். வாயே திறக்காத அந்தக் கப்பிக்காரர்கூடக் கையை நீட்டினார். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன். பெயர் போட்டால் ஒவ்வொருவரும் சண்டைக்கு வருவார்கள்.

மாமா துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். ஒரு டிரெய்லரை ராயபுரத்திலிருந்து எண்ணூர் கொண்டுபோய்ச் சேர்க்க அரை நாள் ஆகும். வேலையில் அப்படி நகர்ந்து நகர்ந்து போகிறவருக்கு வெளியில் ஒரே ஒரு ஆசைதான்: கால் மைல் பந்தயம். நேரான ஒரு பாதை, பச்சை விளக்கு விழுந்ததும் மிதிக்க வேண்டும், பன்னிரண்டு பதின்மூன்று விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்காக ஒரு பழைய ஜப்பான் கார் வைத்திருக்கிறார். வெளியே பார்த்தால் கல்யாண வீட்டுக்கு வந்த கார் மாதிரி அடக்கமாக இருக்கும். பானெட்டைத் திறந்தால் டர்போ. அந்த டர்போ திணிக்கிற காற்றுக்குக் காரோடு வந்த இன்ஜின் சின்னது, பெரிய ஓட்டை உள்ள பிளாக் வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிளாக் என்றால் இன்ஜினின் உடம்பு. நான்கு ஓட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். ஓட்டை பெரிதானால் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போகும் காற்றும் பெட்ரோலும் கூடும்.

நான் எட்டாவதோடு நின்றவன். கப்பல் ரிப்பேர் காண்டிராக்டில் வேலை. கப்பலின் உடம்புத் தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சர்வேயர்கள் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் சாரத்தில் ஏறி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்டைத் தேய்த்து எடுத்து, கிரீஸ் தடவி வைப்பது என் வேலை. நாலைந்து வருடம் கழித்து, தகட்டின் கனம் காட்டுகிற கேஜின் பித்தான் மாதிரி முனையை அதில் வைத்து எண்ணைப் படிக்கும் வேலையும் எனக்கே வந்துவிட்டது. நல்ல வேலை. ஆனால் இரவெல்லாம் நான் படித்த எண்களே கண்ணுக்குள் ஓடும். ஆறு என்பதை எட்டு என்று சொல்லிவிட்டேனோ, அந்தக் கப்பல் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறதோ என்று. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிற ரகம் நான்.

அதனால்தான் மாமா கேட்டதும் நான் உடனே தலையாட்டவில்லை.

"மச்சான், உங்க சாரு கேஜ ஞாயித்துக்கெழம குடுப்பாரா?"

"எதுக்கு மாமா?"

"பாயாண்ட ரெண்டு பிளாக்கு கீது. சுவரு எவ்ளோ கீதுன்னு அளந்துட்டு வாங்கிக்கலாம்."

சர்வேயர் சார் கொடுத்தார். ஒரே கண்டிஷன்: கீழே போட்டால் என் மூன்று மாதச் சம்பளம். கேஜைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன்.

பாய் இரண்டு பிளாக்கையும் வெயிலில் எடுத்துப் போட்டிருந்தார். ஒன்றுக்கு மஞ்சள் பெயிண்ட், இன்னும் பளபளப்பு போகாதது. இன்னொன்று முழுக்கத் துரு. உப்புக்காற்று பட்டுப் பட்டு, தொட்டால் கை சிவக்கும்.

"பாய், எந்த வண்டிலேர்ந்து கழட்னது இது ரெண்டும்?"

"கன்டெய்னர் குடோன்ல மூட்ட தூக்கிகினு இருந்த ஃபோர்க்லிஃப்ட்டு நைனா. கேஸ்ல ஓடனது. அதே ஜப்பான்காரன், அதே இன்ஜின் சாதி. உங்க கார் பிளாக்கவிட ஓட்ட மட்டும் ஒன்ற மில்லி பெருசு, ஒயரமும் கொஞ்சம் ஜாஸ்தி. ஒங்க மாமாக்குத் தெரியும், அதான் மூணு மாசமா என் உசிர எடுக்கறாரு."

அக்கா அந்த மஞ்சள் பிளாக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். அவள் எடுத்த சீட்டுப் பணத்தில்தான் இந்த வாங்கலே. அதனால்தான் வந்திருந்தாள்.

"மூட்ட தூக்கற வண்டி இன்ஜினப் போட்டு ரேஸ் வுடப் போறாரு. அப்பால காருக்கு முன்னாடி ரெண்டு கொம்பும் வெச்சுக்கய்யா. தோத்துட்டாலும் நாலு மூட்ட எறக்கிட்டு வரலாம்."

"சிரி சிரி. அன்னிக்கு வந்து பாரு."

எனக்கு இதெல்லாம் புதிது. கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றரை மில்லி என்றால் இரண்டு பேப்பர் அட்டை கனம்கூட இல்லையே, அதற்கா இவ்வளவு? இந்தக் காலத்துக் காரில் எல்லாம் அலுமினியம் என்கிறார்களே, இந்தக் கனத்துக்கு நான்கு பேர் தூக்க வேண்டிய இரும்பு எதற்கு? மாமா பொறுமையாகச் சொன்னார். டர்போ அடிக்கிற அடிக்கு அலுமினியம் நெளியும். வார்ப்பிரும்பு நெளியாது, நிற்கும். எங்கள் பக்கம் அதைப் பீடு என்பார்கள். பீடு கனம், முரடு, ஆனால் அடி வாங்கும்.

"அப்போ ஓட்டையை இன்னும் பெரிசா போட்டுக்கலாமே? ரெண்டு, மூணு மில்லி?"

"மெதுவட துன்னுவியா நீ? ஓட்டையப் பெருசு பண்ணிகினே போனா வட பெருசாவுமா? மாவுதான் கொறையும். வெளி அளவு அதேதான். உள்ள போவப் போவ சுவரு மெலியும். சுவருக்கு அந்தாண்ட தண்ணி ஓடுது. சுவரு பிளந்துச்சு, தண்ணி உள்ள வந்துரும், இல்லாட்டி வெளிய கொட்டும். கொட்னா எங்க கொட்டும்? என் முன் டயரு அடியிலயே கொட்டும். வண்டி சறுக்கும்."

முன் டயர் என்று அவர் சொன்னதை நான் அப்படியே கண்ணால் பார்த்துவிட்டேன். அவர் ஓட்டுகிற பாதையின் இரண்டு பக்கமும் கான்கிரீட் தடுப்பு. அக்காவும் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஒழுங்கா அள."

அளந்தேன். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் மேலே, நடுவே, கீழே. சுற்றி நான்கு பக்கம். மண்டியிட்டு, கிரீஸ் தடவி, முனையை வைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு. அப்போதுதான் எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். கப்பல் தகடு எங்கே வைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே எண்தான். இது அப்படி இல்லை. ஒரே ஓட்டையில் கிழக்குப் பக்கம் ஏழு, மேற்குப் பக்கம் ஆறு. வார்க்கும்போது உள்ளே வைத்த மண் அச்சு ஒரு முடி அளவு நகர்ந்திருக்கும் என்றார் மாமா. என்றைக்கோ ஜப்பானில் ஒரு மண் அச்சு நகர்ந்தது எர்ணாவூரில் என் விரலுக்குத் தெரிகிறது. அதை நினைத்து நினைத்து, பார்த்த இடத்தையே இன்னொரு முறை பார்த்தேன்.

மஞ்சளில் மிக மெலிந்த இடம் ஐந்து புள்ளி இரண்டு. துருப் பிளாக்கில் மிக மெலிந்த இடம் மூன்றாவது ஓட்டையில், ஆறு. வெட்டி முடித்த பிறகு நாலரை மில்லி சுவர் நிற்க வேண்டும் என்பது மாமாவின் கணக்கு.

"துரு பிளாக்குதான் மாமா. ஓட்டைய ஒரு மில்லி பெருசாக்கினா ஒரு பக்கத்துக்கு அரை மில்லி போவும். அஞ்சரை நிக்கும். ஒரு மில்லி தாராளமா எடுக்கலாம்."

ஆமாம், நான்தான் சொன்னேன்.

பாய் பிளாக்கின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். அது அவர் யார்டு வழக்கம். "கோடு போட்ட சாமான வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். கத்தி படாத வரைக்கும் எப்ப வேணாலும் எடுத்தாந்து போட்டுட்டு துட்ட வாங்கிகினு போ. கத்தி பட்டுச்சுன்னா உன் சாமான். அப்பால வந்து பேஜார் பண்ணக்கூடாது."

ராயபுரத்தில் ஓட்டையைக் கடைந்து கொடுக்கிற போரிங் கடை ஒன்று உண்டு. கடைக்கார அண்ணனுக்கும் ஒரு வழக்கம். பிஸ்டனைக் கையில் கொடுக்காமல் மிஷினில் பிளாக்கை ஏற்ற மாட்டார். செருப்பு தைப்பவர் காலைப் பார்க்காமல் தைப்பாரா என்று கேட்பார். அதனால் முதலில் பிஸ்டன். ஒரு மில்லி பெரிய அளவுக்குக் கோயம்புத்தூரில் சொல்லிச் செய்ய வேண்டியிருந்தது. நான்கும் முப்பத்தாறாயிரம். அக்கா கொடுத்தாள். பார்சல் வர ஐந்து வாரம் ஆனது.

அந்த ஐந்து வாரமும் நான் என்னென்னவோ பயந்தேன். துருவைத் தாண்டி முனை சரியாக உட்கார்ந்ததா? கிரீஸ் அதிகமாகிவிட்டதா? வளைந்த சுவரில் தட்டையான முனையை வைத்தது தப்பா? மாமாவிடம் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சந்தேகத்தைக் கொண்டுபோய் வைப்பேன். கடைசியில் அவர் என் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். இவ்வளவு பயந்தேனே, எதற்குப் பயந்திருக்க வேண்டுமோ அது மட்டும் மனதில் தோன்றவே இல்லை.

பிஸ்டன் வந்த அன்று நான் வேலை முடிந்து நேராகப் போரிங் கடைக்குப் போனேன். அன்றைய கப்பல் வேலைக்கு எடுத்த கேஜ் பையில்தான் இருந்தது. இருட்டுவதற்குள் தண்டையார்பேட்டையில் சர்வேயர் சாரிடம் கொடுக்க வேண்டும். பிளாக் ஏற்கெனவே மிஷினில் ஏறி உட்கார்ந்திருந்தது. போரிங் அண்ணன் ஒவ்வொரு ஓட்டையாக மையம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா பிஸ்டனைக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ணா, ஒரு நிமிஷம். மேல் மூஞ்சி லெவலா கீதா?"

"கீது."

"ணா, ஒரு நிமிஷம். போல்ட்டு..."

"தம்பி, வெளிய போய் ஒரு டீ சாப்பிடு."

டீ குடித்துவிட்டுக் கடை வாசலில் உட்கார்ந்தேன். பழைய தார்ப்பாய் ஒன்று காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் உடைந்த பீடுத் துண்டு ஒன்றை வைத்திருந்தார்கள். ஏதோ லாரி இன்ஜினின் சுவர், கை அகலம். சும்மா இருக்கப் பிடிக்காமல், கையில் கேஜ் இருக்கிறதே என்று கிரீஸ் தடவி வைத்துப் பார்த்தேன். ஆறு புள்ளி நான்கு. அந்தத் துண்டை ஓரத்திலிருந்து பார்த்தால் கனம் கண்ணுக்கே தெரிகிறது. ஆறரை மாதிரி இல்லை. உள்ளே போய் மேஜையிலிருந்து, இரண்டு தாடையால் கவ்வி அளக்கிற வெர்னியரை எடுத்து வந்து கவ்விப் பார்த்தேன்.

ஐந்து.

இன்னொரு இடம். கேஜ் ஆறரை, வெர்னியர் ஐந்துக்குச் சற்று மேல். கேஜ் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். மூன்று மாதச் சம்பளம் போச்சு. அந்தக் கேஜின் உடம்பிலேயே சோதித்துப் பார்க்க ஒரு சின்ன எஃகு வில்லை இருக்கும். அதில் வைத்தேன். சரியாகக் காட்டியது. பையில் கிடந்த கப்பல் தகட்டுத் துண்டில் வைத்தேன். சரி. மறுபடி பீடு. தப்பு.

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் எழுந்திருக்க முடியாது போலிருந்தது. தகட்டுத் துண்டை ஸ்பேனரால் தட்டினேன். ணங் என்றது, அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பீடைத் தட்டினேன். டொக். அவ்வளவுதான், செத்துப்போனது. இரண்டும் இரும்புதான், கனமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சத்தம் உள்ளே ஒரே மாதிரி போகவில்லை.

அந்தக் கேஜ் சத்தத்தை வைத்துத்தான் அளக்கிறது என்பது எனக்குத் தெரியும். முனையிலிருந்து ஒரு சத்தம் உள்ளே போகும், மறுபக்கம் முட்டித் திரும்பும், போய்வந்த நேரத்தைக் கேஜ் கனமாக மாற்றிச் சொல்லும். சர்வேயர் சார் முதல் நாளே சொன்னது. திரையின் மூலையில் எப்போதும் ஓர் எண் நிற்கும்: ஐந்தாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். "இதைத் தொடாதே" என்று சொல்லியிருந்தார். நானும் தொடவில்லை, அது என்ன என்று கேட்கவும் இல்லை. கப்பலில் எல்லாம் எஃகுத் தகடு. மாற்ற வேண்டிய வேலையே யாருக்கும் வந்ததில்லை.

வாசலில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது பிடிபட்டது. கண்ணை மூடிக்கொண்டு, ராயபுரத்தில் ஏறிய பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது, எண்ணூர் வந்திருக்கும் என்று நினைப்பேன். ரோடு காலியாக இருந்தால் சரி. இந்த லாரி வரிசையில் மாட்டியிருந்தால் திருவொற்றியூர்தான் வந்திருக்கும். நேரம் மட்டும் தெரிந்தவனுக்கு வேகமும் தெரிய வேண்டும். கேஜ் எஃகின் வேகத்தை, மூலையில் நிற்கிற அந்த எண்ணை, வைத்துக் கணக்குப் போடுகிறது. பீடில் சத்தம் மெதுவாகப் போகிறது. நேரம் கூடுகிறது. சுவர் கனம் என்று நினைத்துக்கொள்கிறது.

அந்த எண்ணைப் படிப்படியாகக் குறைத்தேன். ஐந்தாயிரம். நான்காயிரத்து எண்ணூறு. நான்காயிரத்து அறுநூறுக்கு வந்தபோது கேஜும் வெர்னியரும் ஒரே எண்ணைக் காட்டின.

உள்ளே மோட்டார் சூடேறும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். கத்தி முதல் ஓட்டைக்குள் இறங்கி நின்றது, இன்னும் சுற்றவில்லை. அண்ணனின் கை சுவிட்சில்.

"ணா, ஒரு நிமிஷம்!"

"இது எத்தனாவது நிமிஷம்டா?"

"கேஜ் தப்பா காட்டுது ணா."

"அப்போ கேஜ ரிப்பேருக்குக் குடு. என்னாண்ட வந்து ஏன் கத்தற?"

"தகட்டுல கரெக்டா காட்டுது. பீடுல மட்டும் ஜாஸ்தியா காட்டுது. நம்ம ஆறு ஆறு இல்ல."

அண்ணன் மாமாவைப் பார்த்தார். "இவன வூட்ல கட்டிப்போட்டுட்டு வந்துருக்கலாம் இல்ல?"

மாமா பிஸ்டனைக் கீழே வைத்துவிட்டு வந்தார். பீடுத் துண்டையும் வெர்னியரையும் அவர் கையிலேயே கொடுத்தேன். அவரே கவ்விப் பார்த்தார். கேஜைப் பழைய எண்ணுக்கு மாற்றி வைத்துப் பார்த்தார், புது எண்ணில் வைத்துப் பார்த்தார். அண்ணன் மோட்டாரை அணைத்தார்.

"அப்போ நம்ம மூணாவது ஓட்ட?"

"நாலு புள்ளி ஆறு, ஏழுதான் மாமா இருக்கும்."

"அதுல அரை போனா..."

நாலரை நிற்காது. மாமா கவிழ்த்து வைத்த ஆயில் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். அண்ணன் ஒரு வழி சொன்னார்.

"இன்னும் கத்தி படல. சுண்ணாம்புக் கோடுகூட அழியல, பாரு. இப்பவே ஏத்திக்கினு போய் பாயாண்ட போடு. உன் பழைய பிளாக்க வெச்சே ஓட்டு. இன்னா இப்ப, ஒரு விநாடி லேட்டா போவே."

ஒரு விநாடி என்பது இந்த ஆளுக்கு என்ன என்று அண்ணனுக்கும் தெரியும். மாமா அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா வேலை செய்யும் தையல் கம்பெனி அங்கிருந்து பக்கம்தான். கழுத்தில் இஞ்ச் டேப்போடு அப்படியே வந்துவிட்டாள். நடந்ததை மாமா சொன்னார். என்னைப் பார்த்தாள்.

"டேய், இப்ப நீ சொல்றது கரெக்டா? இல்ல நாளைக்கு வந்து இதுவும் தப்புன்னு சொல்வியா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல வராது.

"அந்தத் துண்டு வேற இன்ஜினோட பீடு, அக்கா. நம்ம பீடுல சத்தம் வேற வேகத்துல போவலாம்."

"பாத்தியா! இவன் கத முடியவே முடியாது."

அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பிளாக்கின் பின்பக்கத்தைக் காட்டினார். கியர் பாக்ஸ் வந்து சேரும் விளிம்பு, இரண்டு பக்கமும் கை எட்டும் இடம். "இங்க வெர்னியரும் போவும், கேஜும் ஒக்காரும். இதே பிளாக்கு, இதே பீடு. இதுல ரெண்டும் ஒண்ணா வந்தா உன் நம்பரு கரெக்ட். வாய மூடிக்கணும்."

துருவைத் தேய்த்து எடுத்தேன். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக எதையும் தேய்த்ததில்லை. வெர்னியரை அண்ணன் பிடித்தார், கேஜை நான் பிடித்தேன். முதலில் கேஜ் எண்ணைச் சொல்லச் சொன்னாள் அக்கா. "அவரு சொன்னதக் கேட்டுட்டு நீ மாத்திச் சொல்லுவ, எனக்குத் தெரியும்."

"பதினொண்ணு புள்ளி ஒன்பது."

அண்ணன் வெர்னியரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "பன்னண்டு."

அதன்பின் நான்கு ஓட்டையையும் முதலிலிருந்து அளந்தேன். மூன்றாம் ஓட்டையின் மெலிந்த இடம் நான்கு புள்ளி ஏழு. ஒரு மில்லி எடுத்தால் நான்கு புள்ளி இரண்டுதான் நிற்கும். நாலரை வேண்டும் என்பது மாமா தானே போட்ட கோடு. அதை அவர் மாற்றிச் சொல்வாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசை உள்ள மனிதர். நான்கு புள்ளி இரண்டும் கிட்டத்தட்ட நாலரைதானே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணன் சுவிட்சைப் போட்டிருப்பார்.

அக்கா பிளாக்குக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல உள்ள குந்திகினு ஓட்றது யாரு? இவனா, நீயா?"

"நான்தான்."

"அப்போ இவன் பயத்துக்காக இல்ல, உன் வாயால நீயே சொல்லு. எவ்ளோ எடுக்கலாம்?"

மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஓட்டைக்குள் டயல் விட்டுத் தேய்மானம் பார்த்தார். நான்கையும் பார்த்துவிட்டு, "கால் மில்லி எடுத்தாலே எல்லாம் சுத்தமாயிடும்" என்றார். கால் மில்லி என்றால் ஒரு பக்கத்துக்கு அதில் பாதி. மூன்றாம் ஓட்டையில் நாலரைக்கு மேல், மயிரிழை மேல், நிற்கும்.

"கால்தான்" என்றார் மாமா. "ஒன்ற மில்லி ஏற்கெனவே ஜப்பான்காரன் குடுத்துட்டான். அது போதும்."

எனக்குள் அப்போது இன்னொரு கணக்கு ஓடியது. மஞ்சள் பிளாக்கையும் இதே தப்பான வேகத்தில்தான் அளந்தேன். அதன் ஐந்து புள்ளி இரண்டு உண்மையில் நான்குதான். ஒரே தப்பு இரண்டுக்கும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது. மெலிந்தது மெலிந்ததாகவே, தடித்தது தடித்ததாகவே இருக்கிறது. எந்தப் பிளாக் என்று சொன்னதில் தப்பில்லை. எவ்வளவு வெட்டலாம் என்று சொன்னதில்தான். இதைச் சொன்னதும் மாமா முதல்முறையாகச் சிரித்தார்.

"பொண்ணப் பாத்து வெச்சது கரெக்டு, நாளுதான் தப்பாக் குறிச்சிட்டேன்னு சொல்ற."

"அப்போ அந்த நாலு பிஸ்டன்?" என்றேன். கேட்டிருக்கவே கூடாது.

மேஜையில் நான்கும் வெள்ளி மாதிரி மின்னின. ஒரு மில்லி பெரியவை. கால் மில்லி ஓட்டையில் அவை நுழையவே நுழையாது. சொல்லிச் செய்ததால் கோயம்புத்தூர்க்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.

அக்கா கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "புதுசுக்கு நான் துட்டு தரேன். அது என் புருசனுக்கு. இது உன் வாயி வாங்கனது. உன் கணக்கு."

"அக்கா, நான்தானே நிறுத்தினேன்."

"அதான் கடனா குடுக்கறேன். நிறுத்தலன்னா கணக்கே வேற."

புது பிஸ்டன் வர இன்னும் ஐந்து வாரம் ஆனது. பார்சல் பிரித்த மறுநாள் அண்ணன் கத்தியைச் சுற்றவிட்டார். சுண்ணாம்புக் கோட்டை மாமாவே ஈரத் துணியால் துடைத்தார். நான் கடை வாசலில் உட்கார்ந்து பீடுச் சீவல் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எஃகு மாதிரி சுருள் சுருளாக வராது பீடு, பொடியாகக் கொட்டும்.

கார் இதுவரை மூன்று பந்தயத்துக்குப் போயிருக்கிறது. முதல் முறை நான் தடுப்புக்கு வெளியே நின்று, கார் போவதைப் பார்க்காமல் கார் போன தடத்தைப் பார்த்தேன். ஈரம் இல்லை. மாமா வந்து இறங்கியதும் நேரத்தைச் சொன்னார்; எனக்குக் காதில் ஏறவில்லை. பானெட்டைத் திறந்து மூன்றாம் ஓட்டை இருக்கும் பக்கத்தில் கையை வைக்கப் போய்ச் சுட்டுக்கொண்டேன். "காஞ்சு கெடக்குதுடா" என்றார். மூன்று முறையும் அப்படித்தான். பழைய பிளாக்கைவிட ஒரு விநாடி குறைந்ததா என்றால், இல்லை. முக்கால்.

கேஜில் இப்போதெல்லாம் அந்த மூலை எண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன். சர்வேயர் சாரிடம் தைரியமாகக் கேட்டேன், செம்புக்கு எவ்வளவு, பித்தளைக்கு எவ்வளவு என்று. ஒவ்வொன்றிலும் சத்தம் ஒவ்வொரு வேகத்தில் போகிறதாம். அக்கா வீட்டுப் பித்தளைக் குடத்தை அளந்தேன், தோசைக்கல்லை அளந்தேன். தோசைக்கல் பீடுதான், நடுவில் மெலிந்திருக்கிறது என்றேன். "அதான் அங்க கருகுதா" என்று கேட்டாள். அது எனக்குத் தெரியவில்லை. பார்க்க வேண்டும்.

அந்த நான்கு பிஸ்டனும் என் கட்டிலுக்கு அடியில், வந்த பெட்டியிலேயே இருக்கின்றன. அந்த அளவு ஓட்டை உள்ள பிளாக் யாரிடமும் இல்லை. அக்கா ஒவ்வொரு மாதமும் சம்பளத்தன்று வந்து வாங்கிப் போகிறாள், ஒரு மாதமும் மறந்ததில்லை. இதுவரை கொடுத்தது போக, நான் இன்னும் அவளுக்குத் தர வேண்டியது பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.